எழுதி வைப்பதா, எழுதிக் கொடுப்பதா?

வக்கீலம்மா பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செட்டில்மென்ட் பற்றியவை. "பையனுக்கு செட்டில்மென்ட் பண்ணிட்டேன்", "பண்ணலாமா", "பண்ணினது தப்பா" என்று விதவிதமாக.

என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் பத்திர எழுத்தர். திண்ணையில் சாய்வு மேசை போட்டு எழுதுவார். வருகிறவர்கள் "பையன் பேருக்கு எழுதணும்" என்று ஆரம்பித்தால், "எழுதி வைக்கணுமா, எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்பார். "ரெண்டும் ஒண்ணுதானே" என்று பதில் வந்தால் பேனாவை மூடிவிடுவார். "போய் ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்." எழுதி வைப்பது உயில். நம் காலத்துக்குப் பிறகுதான் அதற்கு உயிர் வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். எழுதிக் கொடுப்பது செட்டில்மென்ட். பதிவு முடிந்த கையோடு வீடு கைமாறிவிடும். இனி கடிதங்கள்.

வக்கீலம்மா, எனக்கு 72 வயது. பலா மண்டி வைத்திருந்தேன். 2019-ல் வீட்டைப் பெரிய பையனுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். பத்திரத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்றுதான் இருக்கிறது. போன வருஷம் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து எனக்குக் கட்டில் பின்பக்கம், பழம் அடுக்கும் கொட்டகையில். சாப்பாடு சில நாள் வரும், சில நாள் மறந்துவிடுவார்கள். பத்திர ஆபீஸில் ரத்துப் பத்திரம் எழுத முடியுமா?
— ஒரு தகப்பன், பண்ருட்டி

ஐயா, பத்திர ஆபீஸில் நீங்கள் மட்டும் போய் ரத்து செய்ய முடியாது. பையனும் வந்து கையெழுத்துப் போட்டால் நடக்கும். அவர் வருவதாக இருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். "ஐயாயிரம் கொடுங்க, ரத்து பண்ணித் தர்றேன்" என்று ஆபீஸ் வாசலில் யாராவது சொன்னால் பையைத் திறக்காதீர்கள்.

நீங்கள் போக வேண்டிய இடம் கடலூர் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம், அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் என்று 2007-ல் ஒன்று வந்தது. 60 வயது ஆனவர்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயத்தை நடத்துபவர் கோட்டாட்சியர். அதன் 23-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ மிரட்டலாலோ எழுதப்பட்டதாகக் கருதி அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம்.

உங்கள் பத்திரத்தில் அந்த நிபந்தனை எழுத்தில் இல்லை. சிக்கல் அங்கேதான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்தது என்று காட்டினால்தான் 23-ஆம் பிரிவு உதவும் என்றது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பிள்ளைகள் தரப்பு வாதாடும். ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியவர்களைக் காப்பாற்ற வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அன்பினாலும் பாசத்தினாலும் கொடுத்தேன் என்று எழுதியிருந்தாலே, பார்த்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் அடக்கம் என்றது. ஆகவே உங்கள் பத்திரத்தில் அந்த ரெண்டு வார்த்தைகள் இருப்பது நல்லதாகப் போயிற்று. வழக்கமாக எழுத்தர்கள் கை பழக்கத்தில் எழுதுகிற வரி அது. என் அப்பாவே ஆயிரம் முறை எழுதியிருப்பார்.

மனுவில் கோர்ட் பாஷை வேண்டாம். வெள்ளைத்தாளில், எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தீர்கள், அப்போது பையன் என்ன சொன்னார், யார் எதிரில் சொன்னார், எப்போதிலிருந்து கொட்டகையில் படுக்கிறீர்கள், மருந்துச் செலவு யார் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். "என்னைக் கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று எழுதினால் அது யாருக்கும் கண்ணில் தெரியாது. "கொட்டகையில் மின்விசிறி இல்லை, கழிப்பறைக்கு இரவில் முன்கட்டுக்கு வரக் கதவு திறப்பதில்லை" என்று எழுதினால் தெரியும். பத்திர நகல், ஆதார், மருந்துச் சீட்டு இணையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சாட்சி சொல்வார் என்றால் நல்லது. எழுத உதவி வேண்டுமென்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் பேசலாம். வக்கீல் இல்லாமலே நடத்துவதற்காக வந்த சட்டம் இது. என் தொழிலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

அதே மனுவில் மாதப் பராமரிப்புத் தொகையும் கேளுங்கள். சட்டத்தில் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பெரிய பையனுக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. பெரிய பையன் தம்பியையும் தங்கையையும் வழக்கில் இழுப்பார், தயாராக இருங்கள். நோட்டீஸ் சேர்ந்து 90 நாளில் முடிக்க வேண்டும், ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும். உத்தரவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு.

போவதற்கு முன் ஒரு வேலை. வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டு, அதன்மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம், பேரனைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பையன் அதற்குள் அடமானம் வைத்திருந்தால் அதையும் மனுவில் எழுத வேண்டும்.

பண்ருட்டி என்றதும் ஒரு அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். சில வருஷம் முன்பு வேறொரு வேலையாக ஒரு பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதிருக்கும், மகனோடு வந்திருந்தார். கைரேகைக் கருவியில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் பதியவில்லை. காலமெல்லாம் முந்திரி உடைத்த கை. கொட்டை ஓட்டுப் பால் பட்டுப் பட்டு ரேகையே தேய்ந்து, விரல் நுனியெல்லாம் கறுத்து வழவழவென்று இருந்தது. அந்தத் தாமதத்தில் சார்பதிவாளர் பேச்சுக் கொடுத்தார். "என்ன பத்திரம்மா இது, தெரியுமா?" "தம்பி பேங்குல லோன் வாங்குறான், ஜாமீன் கையெழுத்துங்க." மேசைமேல் இருந்தது செட்டில்மென்ட் பத்திரம், முழு வீட்டுக்கும். சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகன் யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அந்த அம்மா மட்டும் முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து, "இன்னொரு தடவை வச்சுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: கொடுத்தே தீருவேன் என்றால், "என் ஆயுள் முழுவதும் இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எனக்கு உண்டு, உணவு, உடை, மருத்துவம் இன்னார் பொறுப்பு, தவறினால் பத்திரத்தை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு" என்று மூன்று வரி சேருங்கள். "அதெல்லாம் எதுக்கு, நம்ம பையன்தானே" என்று எழுத்தர் சொன்னால் வேறு எழுத்தரிடம் போங்கள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நான். கணவர் இல்லை, குழந்தைகளும் இல்லை. செம்மண்டலத்தில் என் பி.எஃப். பணத்தில் வாங்கிய வீடு. என்னைப் பார்த்துக்கொள்பவள் என் தங்கை மகள். எனக்குப் பிறகு எல்லாம் அவளுக்குத்தானே போகும்? உயில் அவசியமா?
— ஒரு டீச்சர், கடலூர்

போகாது, டீச்சர். இதைச் சொன்னால் நேரில் வருகிறவர்கள் யாரும் முதலில் நம்புவதில்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொத்து முதலில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் இல்லையென்றால் அடுத்து கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற அப்பா அம்மாவே அதற்கு அடுத்துதான் வருகிறார்கள். நீங்கள் சாக்பீஸ் தூளில் சம்பாதித்து வாங்கின வீடு, உங்கள் கொழுந்தனாருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ போகும். அவர்கள் உங்களைப் பார்க்க வந்து எத்தனை வருஷம் ஆனது என்று சட்டம் கேட்காது. அப்பா அம்மாவிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து மட்டும் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பும். வாரிசுரிமையாக வந்தது என்பதைக் கவனியுங்கள். கல்யாணத்தில் போட்ட நகை அதில் சேராது. இந்தச் சட்டம் சரியா என்று கேட்டால் சரியில்லை என்பேன். ஆனால் இன்றைக்கு அதுதான் சட்டம். ஆகவே உயில் எழுதுங்கள், இந்த மாதமே.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், உங்கள் கையெழுத்திலேயே எழுதலாம். கரும்பலகையில் எழுதிய கை, அழகாகவே இருக்கும். கட்டாயமானது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் எதிரில் அவர்கள் போட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்க வேண்டியதில்லை. உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள். நாளை வழக்கு என்று வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். என் கையில் வந்த ஒரு உயிலில் இரண்டு சாட்சிகளும் எழுதியவரின் சீட்டாட்டக் கூட்டாளிகள், மூவரும் நான்கு வருஷத்துக்குள் போய்விட்டார்கள். கடைசியில் சாட்சியின் கையெழுத்து அவருடையதுதான் என்று காட்ட, அவர் பழைய வங்கிச் செக்கைத் தேடி அலைந்தோம்.

தங்கை மகளைச் சாட்சியாகப் போடாதீர்கள். சொத்து பெறுபவர் சாட்சியாக இருந்தால் கிறிஸ்தவர்களுக்கு அந்தக் கொடையே செல்லாது. இந்துக்களுக்கு அந்த விதி இல்லை என்றாலும் சந்தேகத்துக்கு நாமே ஏன் வாசல் திறக்க வேண்டும்? உயில் எழுதும் நாளில் அவள் வீட்டில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் வழக்கமான டாக்டரிடம், சுயநினைவோடு தெளிவாக இருக்கிறீர்கள் என்று அதே நாளில் ஒரு சான்று வாங்கி வையுங்கள். கொழுந்தனார் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். திட்ட வேண்டாம்; "அவர்கள் வசதியாக இருக்கிறார்கள்" என்றால் போதும். வீடு, வங்கி, நகை எல்லாம் எழுதிய பிறகு, "இதில் குறிப்பிடாமல் விட்டவையும் இனி எனக்கு வரக்கூடியவையும்" யாருக்கு என்று ஒரு வரி. அதை மறந்துபோய், ஒரு பென்ஷன் அரியருக்காகக் கோர்ட்டுக்கு வந்த குடும்பம் எனக்குத் தெரியும்.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் 2015 மழையைப் பார்த்த கடலூர்க்காரியாகச் சொல்கிறேன், பதிவு செய்யுங்கள். அந்த டிசம்பரில் தண்ணீர் வடிந்த பிறகு ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஒரு தாளைக் கொண்டுவந்தார். அவருடைய பெரியம்மா எழுதிய உயில், டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது. மைப் பேனாவில் எழுதியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், நீலக் கறையும் நடுவில் "சர்வே நெ." என்ற எழுத்தும் தவிர ஒன்றும் மிச்சமில்லை. பதிவு செய்திருந்தால் சான்றிட்ட நகல் வாங்கியிருக்கலாம். பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயம் வேண்டாம். உயில் தனிப் புத்தகத்தில் பதிவாகும், வில்லங்கச் சான்றில் வராது, நீங்கள் இருக்கும்வரை உங்களைத் தவிர வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். நடக்க முடியாவிட்டால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கவும் வழி இருக்கிறது.

அம்மாவின் எஃப்.டி.க்குத் தம்பி நாமினி. அம்மா இறந்த பிறகு முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு, "பேங்க்ல என் பேருதான் இருக்கு" என்கிறான். எனக்கு ஒன்றும் இல்லையா?
— நெய்வேலி

நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. உயில் இல்லாமல் அம்மா போயிருந்தால் அப்பா, தம்பி, நீங்கள் என எல்லோருக்கும் சம பங்கு. வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்புங்கள், பெரும்பாலும் அதிலேயே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். எல்.ஐ.சி. பாலிசி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். இன்னொன்று, 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். இரண்டு பிள்ளைகள் இருக்கிற வாசகர்கள் நாளைக்கே வங்கிக்குப் போய் இரண்டு பேரையும் எழுதிவிட்டு வரலாம்.

1986-ல் எனக்குக் கல்யாணம். குறிஞ்சிப்பாடி பக்கம் பாட்டன் சொத்து நாலு ஏக்கர். அண்ணன்கள் "சும்மா ஒரு கையெழுத்து" என்று விடுதலைப் பத்திரம் கொண்டுவந்திருக்கிறார்கள். 89-க்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குப் பங்கு கிடையாதாமே?
— ஒரு தங்கை

அண்ணன்கள் பழைய சட்டத்தைச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டுத் திருத்தத்தில், 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு இல்லாமல் இருந்தது உண்மைதான். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. எப்போது கல்யாணம் ஆனாலும் மகளும் மகனும் ஒன்று. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினை நடந்திருந்தால் அதைத் தொட முடியாது. அப்படி ஒன்று இருக்கிறதா என்று அண்ணன்களிடம் பத்திர எண் கேளுங்கள்.

சும்மா ஒரு கையெழுத்து என்று எதுவும் கிடையாதம்மா. விடுதலைப் பத்திரம் என்றால் உங்கள் பங்கை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுப்பது. சும்மாவாக இருந்தால் உங்களைத் தேடிக் கார் எடுத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள். விட்டுக் கொடுக்க மனசிருந்தால் தாராளமாக விட்டுக் கொடுங்கள். இவ்வளவு என்று தெரிந்து விட்டுக் கொடுங்கள். வழக்கு என்று போனால், பெண்களுக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.

அம்மாவுக்கு மறதி நோய், என்னையே சில நாள் அக்கா என்கிறார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் மனையை விற்க வேண்டும். கைநாட்டு வைத்து பவர் வாங்கிவிடலாமா?
— முதலியார்பேட்டை, புதுச்சேரி

வேண்டாம். என்ன செய்கிறோம் என்று தெரியாத நிலையில் வைத்த கைநாட்டுக்கு மதிப்பில்லை. முன்பே பவர் கொடுத்திருந்தால்கூட, கொடுத்தவருக்கு மனத்தெளிவு போனதும் அந்த பவரும் போய்விடும். விற்ற பிறகு சகோதரர்களில் ஒருவர் எழுந்தால், வாங்கினவரும் நீங்களும் சேர்ந்து கோர்ட்டில் நிற்பீர்கள். இப்போது வழி, உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அம்மாவுக்குக் காப்பாளராக உங்களை நியமிக்கக் கேட்பதுதான். மருத்துவ அறிக்கையும் மற்ற பிள்ளைகளின் சம்மதமும் இருந்தால் சுலபமாகும். இது செலவும் அலைச்சலும் பிடிக்கிற வேலை, மறைக்கவில்லை. மறதி ஆரம்பிக்கிற கட்டத்தில் உள்ள பெற்றோர் வீட்டில் இருந்தால், தெளிவாக இருக்கும்போதே டாக்டர் சான்றோடு வேண்டியதை எழுதிவிடச் சொல்லுங்கள்.

எங்கள் கொள்ளுத் தாத்தா ரெனோன்சான். அப்பா முழு வீட்டையும் ஒரே தம்பிக்கு உயில் எழுத நினைக்கிறார். நாங்கள் மூன்று பேர். முடியுமா?
— புதுச்சேரி

புதுச்சேரி எல்லையில் இருக்கிற கன்னியக்கோயில் தாண்டினால் பெட்ரோல் விலை மட்டுமல்ல, சட்டமும் மாறும். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: 1881-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணையின் கீழ், தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போன குடும்பங்கள் ரெனோன்சான்கள். புதுச்சேரிக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபோதும் அவர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கிவிட்டார்கள். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கின பங்கு உண்டு. ஒரு பிள்ளை என்றால் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் முக்கால். மீதியை மட்டும்தான் அப்பா விருப்பப்படி எழுதலாம். ஆகவே முழு வீடும் ஒரே பிள்ளைக்கு என்பது நிற்காது. கொள்ளுத் தாத்தா துறந்ததற்கான ஆவணத்தை முதலில் தேடி எடுங்கள், பேச்சு வழக்கில் சொன்னால் போதாது. பிறகு புதுச்சேரியில் இந்த வழக்குகளையே நடத்துகிற வக்கீலைப் பாருங்கள்.

கடைசியாக, பெயர் எழுதாமல் 1974-ஆம் வருஷத்து மூலப் பத்திரத்தையே சாதாரண தபாலில் எனக்கு அனுப்பி வைத்த நெல்லிக்குப்பம் வாசகருக்கு: உறையில் இருந்த விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் திருப்பி அனுப்பிவிட்டேன். கிடைத்ததும் ஒரு கார்டு போடுங்கள். அடுத்த முறை ஜெராக்ஸ் போதும்.